மொழுக்கனுக்குத் தெரியாது

கரண்ட் போயிடணும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எப்படியாவது கரண்ட் போயிடணும்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள் நெட்டை. அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. நிற்கக் கூடாத நாளில் எல்லாம் நிற்கும். இன்று என்னவோ பரிசு கொடுப்பார்கள் என்பதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

நெட்டை என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுடைய தம்பி உருண்டையாக இருப்பான், ஓர் இடத்தில் நிற்க மாட்டான், உருண்டுகொண்டே இருப்பான். அதனால் அவன் பட்டாணி. இப்போது அவன் சோபாவுக்கு அடியில் புகுந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே ஆடின.

சித்தி, டிவிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, அதில் ஃபோனை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஃபோன் டிவியைப் பார்க்கவில்லை. பட்டாணி உட்காரப்போகும் இடத்தைப் பார்த்தது.

எல்லாம் ஒரு போர்வையில் தொடங்கியது.

'மொழுக்கன்' ஒரு கார்ட்டூன் தொடர். கடலில் மிதந்து வாழும் ஒரு நீர்நாய்க்குட்டியின் கதை. ஓர் எபிசோடில் மொழுக்கன் குளிரில் நடுங்கினான். உடனே பட்டாணி எழுந்து போய், தன் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து டிவிக்குப் போர்த்திவிட்டான். பிறகு, "படம் தெரியலையே!" என்று அவனே அழுதான். சித்தி அதைத் தற்செயலாக வீடியோ எடுத்திருந்தாள். இணையத்தில் போட்டாள். உலகத்தில் மொழுக்கனுக்கு இத்தனை ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அத்தனை பேருக்கும் பட்டாணியையும் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எபிசோடுக்கும் பட்டாணியின் முகம் தேவைப்பட்டது. சித்தி வேலை தேடி அலைந்து களைத்து வரும் நாட்களில், ரசிகர்களின் கமெண்ட்டுகளைச் சத்தமாகப் படிப்பாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலரும். நெட்டைக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும்.

இந்த வாரம் வந்த கமெண்ட்டுகள்தான் பிடிக்கவில்லை.

"சீக்கிரம் 'மூடுபனி' எபிசோடைப் போட்டுக் காட்டுங்க!"

"நானே அழுதுட்டேன். பட்டாணி பாவம், என்ன ஆவானோ!"

"தேம்பித் தேம்பி அழப்போறான் பாருங்க. காத்திருக்கிறோம்!" அதன் பக்கத்தில் வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

நெட்டை அந்த எபிசோடைத் தோழியின் வீட்டில் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். மொழுக்கனும் அவன் அம்மாவும் அலை அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். "நீ கண்ணைத் திறக்கும்போது நான் இங்கேதான் இருப்பேன்" என்பாள் அம்மா. மொழுக்கன் கண்ணைத் திறப்பான். கையில் கை இருக்காது. சுற்றிலும் வெள்ளையாக மூடுபனி. பாட்டு நின்றுவிடும். தண்ணீரின் சத்தம்கூடக் கேட்காது.

தோழியின் வீட்டிலிருந்து அன்று நெட்டை ஓடியே வந்தாள். அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள்.

அவளுக்கே அப்படி என்றால் பட்டாணிக்கு?

அவர்களுடைய அம்மா நர்ஸ். இந்த மாதம் முழுவதும் இரவு வேலை. இருட்டுவதற்கு முன் கிளம்பினால் விடிந்த பிறகுதான் வருவாள். பட்டாணி அவளுடைய கைப்பையைப் பிடித்துத் தொங்கி அழுவான். "நீ கண்ணைத் திறக்கும்போது நான் வந்திருப்பேன்டா" என்று சொல்லிச் சொல்லி, இப்போதுதான் அழுகையை விட்டிருக்கிறான். இன்றைக்குக் கையாட்டி அனுப்பிவைத்தான். அம்மாவிடம் மூடுபனியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நெட்டை வாசல்வரை ஓடினாள். அதற்குள் அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாகப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றாள் சித்தி.

"சித்தி... இந்த எபிசோடு வேண்டாமே. பயந்துடுவான்."

"பயப்படட்டுமே. கடைசியில அவங்க அம்மா வந்துடுவாங்கல்ல? உடனே சிரிச்சிடுவான். அழுத கண்ணோட ஒரு சிரிப்பு சிரிப்பான் பாரு, அதுதான் அழகே!"

"அது வர்றதுக்கு முன்னாடி..."

"அம்மா தாயே, நீ கதையைச் சொல்லி மட்டும் கெடுத்துடாதே. முதல் தடவை பார்க்கிற முகம் ஒரு தடவைதான் கிடைக்கும். போ, அவன் மூஞ்சியைக் கழுவி வேற சட்டை மாட்டிவிடு. சோபாவுக்கு அடியில இருக்கிற அழுக்கெல்லாம் அவன் மேலதான் இருக்கு."

நெட்டை இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். பட்டாணி தூசியோடு வெளியே வந்தான். அவனைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

சோப்பு நுரை போட்ட முகத்தோடு அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "அக்கா, போயிடாதே. இருக்கியா?"

"இருக்கேன்டா."

"இப்போ?"

"இப்பவும் இருக்கேன்."

நுரைக்காகக் கண்ணை மூடும் நேரத்துக்கே இந்தப் பயம். சொன்னால் சித்திக்குக் கோபம் வரும். அந்த மலர்ந்த முகம் சுருங்கிப்போகும். சொல்லாவிட்டால்?

அவள் குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள், சத்தத்துக்காக. பிறகு மெல்லச் சொன்னாள்.

"பட்டாணி, இன்னைக்கு மொழுக்கன் கண்ணைத் திறக்கும்போது அம்மா பக்கத்துல இருக்க மாட்டாங்க."

அவன் கண் படாரென்று திறந்தது. "ஏன்? எங்க போனாங்க?"

"எங்கேயும் போகல. ஒரு பெரிய பாறை இருக்கு. அதுக்குப் பின்னாடி இருப்பாங்க. பனி அடிக்குது இல்லையா, அதனால தெரியாது."

"பாறைக்குப் பின்னாடியேவா?"

"ஆமாம். கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் வந்துடுவாங்க."

பட்டாணி யோசித்தான். மூக்கின் நுனியில் நுரை இருந்தது.

"மொழுக்கனுக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"நமக்குத் தெரியுமா?"

"நமக்குத் தெரியும்."

"அய்யோ பாவம்" என்றான் பட்டாணி, பெரிய மனிதனைப்போல.

எபிசோடு தொடங்கியது. ஃபோனில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மூடுபனி வந்தது. பாட்டு நின்றது.

கதை முழுவதும் தெரிந்திருந்தும் நெட்டை திரையில் பாறையைத் தேடினாள். பட்டாணியின் கை அவள் கைக்குள் வந்து புகுந்துகொண்டது. அவனுடைய கீழ் உதடு பிதுங்கியது. சித்தி ஓரடி முன்னால் வந்தாள்.

'சொல்லியும் பயனில்லையோ? அழப்போகிறானோ? நாளையிலிருந்து அம்மாவின் பையைப் பிடித்துத் தொங்கப்போகிறானோ?'

மொழுக்கன் "அம்மா!" என்று கத்தினான். தப்பான பக்கம் நீந்தினான்.

பட்டாணி கையை உதறிவிட்டு எழுந்தான். நேரே டிவிக்கு முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தான்.

"டேய்! அந்தப் பக்கம் இல்லடா! பாறை! பாறைக்குப் பின்னாடி பாரு!"

மொழுக்கன் காதில் அது விழவில்லை.

"சொன்னா கேட்க மாட்டியா? அம்மா அங்கேதான் இருக்காங்க. கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அழாதே, முதல்ல மூக்கைத் துடை!"

திரையில் இருந்த மொழுக்கனின் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்தும் விட்டான். பாறைக்குப் பின்னாலிருந்து அம்மா நீர்நாய் வந்தபோது, திரும்பி நின்று இரண்டு கைகளையும் விரித்தான்.

"நான் சொன்னேன்ல?"

சித்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் சட்டென்று நின்றாள்.

"உனக்கு எப்படிடா முன்னாடியே தெரியும்?"

"அக்கா சொன்னா."

நெட்டை தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன், சித்தி."

"அவ்வளவு சொல்லியும்..." சித்தியின் முகம், நெட்டை பயந்ததுபோலவே சுருங்கிப்போனது. "எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா? அவங்ககிட்ட நான் என்ன சொல்ல? எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்டி."

நெட்டைக்குச் சித்தியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பட்டாணியோ சித்தியின் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"சித்தி, பயப்படாதீங்க. அம்மா வந்துட்டாங்க. நீங்க பார்க்கலையா?"

சித்தி அவன் தலையைத் தடவினாள். கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்தாள். பிறகு நெட்டையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, போனது போகட்டும். ஒண்ணு செய். அடுத்த எபிசோடுல மொழுக்கனோட அம்மா திரும்பி வரவே மாட்டாங்களாம்னு அவன்கிட்ட சொல்லு. ஒரு நிமிஷம்தான். முகம் மாறினதும் எடுத்துக்கறேன். உடனே பொய்னு சொல்லிடலாம். நான் சொன்னா நம்ப மாட்டான். நீ சொன்னா அப்படியே நம்புவான்."

நீ சொன்னா அப்படியே நம்புவான்.

அது உண்மை என்று நெட்டைக்குத் தெரியும். அதை நினைத்தபோதுதான், மூடுபனியைப் பார்த்து வந்த பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது.

"என்ன ரகசியம்? எனக்கு?" பட்டாணி சோபாவில் ஏறி இருவருக்கும் நடுவில் புகுந்தான். தலையைச் சாய்த்து, காதை நெட்டையின் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்தக் காதின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

சித்தி கண்ணால், 'சொல்லு' என்றாள்.

நெட்டை அந்தச் சின்னக் காதைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலாகச் சித்தியைப் பார்த்தாள்.

"நான் சொல்ல மாட்டேன், சித்தி."

மெதுவாகத்தான் சொன்னாள். ஃபோனுக்குக் கேட்டிருக்காது. சித்திக்குக் கேட்டது.