ஐஸ் அறையில் பைத்தான் வகுப்பு

காத்திவாக்கத்தில் இறால் வைக்கிற அந்தப் பழைய ஐஸ் அறையை வாடகைக்குப் பிடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆன்லைனில் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித் தரச் சத்தமில்லாத இடம் வேண்டும். இந்தப் பக்கத்துக் கண்டெய்னர் லாரிகள் விடுமா? இங்கே சுவரும் கதவும் ஒரு முழத் தடிமன். குளிர் மெஷினை எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். கதவை மட்டும் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதற்கென்ன, வாசலில் நான் இருக்கிறேனே!

“மெஷின் ஓடுன காலத்துல ராஜாத்தின்னு ஒருத்தி உள்ள மாட்டிகினு விறைச்சுச் செத்தா ஜாபர் பாய். அவ கத்துனது யாருக்கும் கேக்கல,” என்றாள் டீக்கடை சிலுவையம்மாள்.

“அவளும் வந்து பைத்தான் கத்துக்கட்டும்,” என்று சிரித்தேன்.

பாடம் நடத்த வந்தவர் மெர்லின், ராயபுரத்துப் பெண். முதல் நாள், மதிய நேரலை. அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அருமையாக நடத்தினார். சொன்ன வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ‘லூப்’தான் அன்றைய பாடம். ‘சூப்பர் மேடம்’ என்று மாணவர்கள் எழுதித் தள்ளினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிக்கிற நேரம் தாண்டியது. ‘போதும் மேடம்’ என்று நானும் எழுதினேன். அவர் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே வார்த்தைகள், அதே புன்னகை.

அப்போதுதான் கவனித்தேன்.

பேசும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. கடுங்குளிரில் வருகிற மூச்சு.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

ஓடிப்போய்த் தாழைத் தொட்டேன். கை அதிலேயே ஒட்டிக்கொண்டது.

தோல் உரிய இழுத்துத் திறந்தேன். பச்சை இறால் வாடையோடு மெர்லின் என் மேல் சரிந்தார். உதடு நீலம். நகங்களில் ரத்தம்.

“மேடம்! இன்னா ஆச்சு?”

“நான் கிளாஸே எடுக்கல பாய்.” தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. “கதவு சாத்துனதுலேர்ந்து தட்டிகினே இருந்தேன். காப்பாத்துங்கன்னு கேமராவப் பாத்துக் கத்துனேன். எல்லாரும் ‘சூப்பர் மேடம்’னு போட்டுகினே இருந்தாங்க...”

பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை வெயிலுக்கு இழுத்து வந்தேன்.

தரையில் கிடந்த என் போனில் மெர்லின் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“கதவச் சாத்து பாய். கிளாஸ் இன்னும் முடியல.”