நடைவார்ப்பு

காலை நாலரைக்கு நடைச் சங்கு ஊதும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆறு மணிக்கு நான் கண் விழிக்கும்போது என் இதயத்தின் கணக்கில் ஒன்பதாயிரம் அடி ஏறியிருக்கும். படுக்கையில் கிடந்தபடியே கைப்பேசியைத் தட்டிப் பார்ப்பேன். நல்ல கொழுப்பு அறுபத்தெட்டு, கெட்ட கொழுப்பு எண்பத்திரண்டு. அதற்குப் பிறகு குடிக்கும் காபிக்கு ஒரு தனி ருசி உண்டு.

நடந்தது என் மனைவி உலகம்மாள்.

பாளையங்கோட்டையில் இப்போது ஏழு மணிக்கு மேல் வெயிலில் நடமாடத் தடை. பழைய மைதானத்தின் மேல் கூரை போட்டு, உள்ளே குளிர்காற்றும் விட்டு, நடைக்கூடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடக்க வேண்டியவர்கள் விடியற்காலையில் அங்கே போய் நடந்துவிட்டு வந்துவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் எல்லோருக்கும் நாற்காலிதான். நானே முப்பந்தல் காற்றாலைகளில் நாற்பதை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓட்டுகிறவன். ஒரு நாளில் நான் நடப்பது குளியலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு இதயம் ராசியில்லை. அப்பா ஐம்பத்திரண்டில் போனார். அண்ணன் நாற்பத்தொன்பதில், சாப்பிட்ட கையைக் கழுவப் போன இடத்தில் விழுந்து போனான். எனக்கு நாற்பத்தெட்டு முடிந்த வாரத்தில் சொந்தபந்தம் கூடி எங்களுக்கு நடைவார்ப்பு செய்துவைத்தது. இருவருக்கும் கழுத்தெலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு நடைச்சில்லு வைப்பார்கள். மனைவி செம்புத் தண்ணீரைக் கணவன் கையில் ஊற்றித் தன் நடையைத் தாரை வார்த்துக் கொடுப்பாள். அன்று முதல் அவள் நடக்க நடக்க, அந்த நடை உடம்புக்குச் செய்கிற நன்மையெல்லாம் இவன் ரத்தத்தில் வந்து சேரும். மேளம் உண்டு, வீடியோ உண்டு, இலையில் இரண்டு பாயசம் உண்டு. கணவன் மனைவிக்கு வார்த்துக் கொடுத்ததாக ஊரில் ஒரு வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை. அதை யாரும் வினோதமாக நினைத்ததும் இல்லை.

பதினோரு வருடம் ஜாம்ஜாமென்று ஓடியது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவதுபோல் இப்போது நல்ல கொழுப்பின் எண்ணையும் போடுகிறார்களே, மகள் கல்யாணத்தில் என் பெயர் 'ஆவுடையப்பன், பி.இ., 68' என்று அச்சாகியிருந்தது. சம்பந்தி வெறும் நாற்பத்திரண்டு. உலகம்மாள் பெயருக்குப் பக்கத்தில் எண் இல்லை. அவள் பரிசோதனைக்கே போனதில்லை. "நடக்கறவளுக்கு எதுக்கு டெஸ்ட்டு? மீனுக்கு நீச்சல் பரீட்சையா?" என்று பந்தியில் ஜோக் அடித்தவன் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நான் நினைத்திருந்தது இவ்வளவுதான்: ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு குறைந்தா போய்விடும்?

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஐந்தேகால் இருக்கும். நடைக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்தாவது சுற்றில் உலகம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். வண்டியில் ஏறிப் போனேன். மருத்துவ அறை மாடியில் இருந்தது. மொத்தம் இருபத்தொரு படி. மூன்று இடத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். பேச வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

உலகம்மாள் கட்டிலில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "காபி குடிச்சீங்களா?" என்றாள்.

டாக்டர் பெனினாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். திரையை என் பக்கம் திருப்பினார். நல்ல கொழுப்பு முப்பத்தொன்று, கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தொன்று. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் முக்கால் அடைப்பு, இன்னொன்றில் பாதி.

"இது வேற யாரோடதோ டாக்டர். மாத்திப் போட்டுட்டீங்க," என்றேன். "அவ தினமும் ஒன்பதாயிரம் அடி நடக்கறவ."

"மாறல சார். இவங்களோடதுதான்."

"நடந்தா கொழுப்பு குறையணும்லா?"

"கண்டிப்பாக் குறையும். நல்லது ஏறும், கெட்டது எறங்கும், ரத்தக்குழாய் இளகிக் குடுக்கும். இவங்க நடந்ததுக்கும் அதெல்லாம் நடந்திருக்கு சார். உங்க உடம்புல நடந்திருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரு நடை ஒரு ரத்தத்துலதான் தங்கும். ஆரம்பத்துல ரெண்டு பேருக்கும் விட்டுப் பாத்தாங்க. வாங்கறவங்களுக்குத் துடிப்பு தடுமாறிச்சு. அதனால குடுக்கறவங்க உடம்புல அத அழிச்சிட்டுத்தான் அடுத்தவங்க உடம்புல எழுதுது இந்தச் சில்லு. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"உங்களுக்குமே ஒண்ணு சொல்லணும்," என்றார் டாக்டர். "இருபத்தொரு படிக்கு இப்படி இரைக்குது. ரத்தத்துல இருக்கறதத்தான் சில்லு மாத்தும். இதயம்ங்கறது ஒரு தசை, அது வேல பாத்தாத்தான் பலம் வரும். உங்களுக்குக் குழாயெல்லாம் சுத்தம், ஆனா மோட்டார ஒரு நாளும் ஓட்டல. அம்மாவுக்கு மோட்டார் நல்லாருக்கு, குழாய் அடைச்சிருக்கு."

அன்று மாலையே முக்கால் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற கம்பி வலையை வைத்து விரித்துவிட்டார்கள். பாதி அடைப்பு பாக்கி இருந்தது. மாத்திரை பாதி வேலை பார்க்கும், மீதியை நடைதான் பார்க்க வேண்டும், அந்த நடை அவள் உடம்பிலேயே தங்க வேண்டும் என்றார் டாக்டர். தங்காவிட்டால் இன்னும் இரண்டு வருடத்தில் அதுவும் மூடிக்கொள்ளும், அடுத்த முறை நெஞ்சைப் பிடித்து உட்கார அவளுக்கு அவகாசம் கிடைக்காது.

வீட்டுக்கு வந்த அன்று கேட்டேன். "உலகு, ஒனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"ஒன் நடை ஒனக்குத் தங்காதுன்னு."

"படிச்சேன்லா," என்றாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. "ஒங்கள மாதிரிக் கடைசிப் பக்கத்தத் திருப்பிக் கையெழுத்தா போட்டேன்?"

"என்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பனா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாங்கியிருப்பீங்க," என்றாள். "அண்ணன் போன பயத்துல இருந்தீங்க. சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பீங்க. அது எனக்குத் தெரிய வேண்டாம்னுதான் சொல்லல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு வார்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். வார்த்ததை அறுக்க இருவர் கையும் வேண்டும் என்பது சட்டம். முன்பு கோபத்தில் ஒருவர் மட்டும் அறுத்துவிட, வாங்கியே பழகிய இதயங்கள் பொட்டென்று நின்றிருக்கின்றன. நான் கண்ணாடிப் பலகையில் கையை வைத்தேன். அவள் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"கைய வையி உலகு."

"மாட்டேன்."

"அடுத்த தடவ ஒனக்கு என்ன ஆகும்னு டாக்டரு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லயா?"

"விழுந்துச்சு. ஒங்க அண்ணன் கை கழுவப் போயி விழுந்த சத்தமும் இன்னும் என் காதுலதான் இருக்கு. மாட்டேன்னா மாட்டேன்."

அலுவலர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அடுத்தவர்களைக் கூப்பிட்டார். பிடிவாதத்தில் அவளை ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை.

டாக்டர் பெனினாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் என் அறிக்கையைத் திரையில் திறந்தார். "ஒரு வழி இருக்கு சார். நீங்க நடக்கும்போது உங்க தசையே அந்த வேலயப் பாக்கும். அப்ப வெளியிலேந்து வர்றத உங்க சில்லு வாங்காது. அனுப்பின நடை திரும்பி அம்மா உடம்புக்கே போயிரும்."

"அப்ப அவ நடக்கும்போதெல்லாம் நானும் நடந்தா?"

"அவங்க நடை அவங்களுக்கே. ஆனா நீங்க நிக்கக் கூடாது. நின்ன பத்தாவது விநாடியில சில்லு மறுபடி வாங்க ஆரம்பிச்சிரும்." இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, மெதுவாக என்றால் நடக்கலாம் என்று எனக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். நெஞ்சு வலித்தால் எதையும் யோசிக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

மூன்று வாரம் கழித்து உலகம்மாளுக்கு நடக்க அனுமதி கிடைத்தது. நாலரைச் சங்குக்கு நானும் எழுந்தேன். மருமகன் விட்டுப்போன ஷூவை மாட்டிக்கொண்டு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னேன். "ரெண்டு நாளைக்குத் தாங்குவீங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

நடைக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் என்று எண்ணினால் என்னோடு ஏழு பேர். முதல் நூறு அடி கம்பீரமாகத்தான் போனேன். இருநூறில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. நெஞ்சில் வலி இல்லை, ஆனால் மூச்சு எங்கேயோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. உலகம்மாளின் மெதுநடையே எனக்கு ஓட்டமாக இருந்தது. அவள் பத்தடி, பிறகு இருபதடி முன்னே போய்விட்டாள். கூப்பிட எனக்குக் குரல் எழும்பவில்லை.

நின்றேன். நின்ற மாத்திரத்தில் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. பதினோரு வருடம் அந்தச் சுகத்தில்தான் இருந்திருக்கிறேன். அவள் முதுகு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது வந்ததும் ஒரு அடி வைத்தேன். மறுபடி எண்ணினேன், மறுபடி ஒரு அடி வைத்தேன்.

சுற்று முடிந்து உலகம்மாள் பின்பக்கமாக என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் அதே பெஞ்சிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி இருந்தேன். சட்டை நனைந்திருந்தது.

"போதும், உக்காருங்க," என்றாள். "நான் ரெண்டு சுத்து போயிட்டு வந்திருதேன்."

"உக்கார மாட்டேன்."

"வேர்த்து ஊத்துது. சொன்னாக் கேளுங்க."

"நீ நட. நான் நிக்க மாட்டேன். நீ நட உலகு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் வலப்பக்கம் வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என் கால் போகிற வேகத்துக்குத் தன் காலை வைத்தாள். பெண்கள் எங்களை இரண்டு பக்கமும் தாண்டிப் போனார்கள். நாங்கள் அந்தச் சுற்றை முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. முடிந்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.

அவள் தன் கைப்பேசியை எடுத்தாள். பதினோரு வருடமாக அதில் 'அனுப்பியது' என்ற வரிசையைத்தான் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே இருந்த 'இருப்பு' என்ற வரிசையில் எப்போதும் சைபர்தான் இருக்கும். இன்று அங்கே ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது.

அவள் கண்ணைச் சுருக்கி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை என் பக்கம் நீட்டி, "இங்க என்னமோ தங்கிப்போச்சுங்க. இத யாருக்கு அனுப்பணும்?" என்று கேட்டாள்.