பெயர் எழுதாத கேசட்

பெர்னார்ட் எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றே அம்மாவின் கேசட் பிளேயர் பறிபோனது.

அது 1986, மலேசியாவின் ஈப்போ நகரம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு வீட்டு டிவிதான் திரை; மறதியும் அதிகம். சுவிட்சை அணைத்தால் போதும், தட்டியதெல்லாம் போயே போய்விடும். போகாமல் இருக்க, அதை ஒரு கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும்.

“அம்மாகிட்ட நாப்பத்தி மூணு கேசட் இருக்கு. பாட்டுப் பேரத் தட்டினா, எந்தக் கேசட்டு, எந்த நம்பருன்னு டிவியில காட்டும். ஈப்போவுலேயே நம்ம வீட்டுலதான் இப்படி இருக்கும்லா!” என்று பெர்னார்ட் மார்தட்டினான்.

அவன் தங்கை பெட்ரீசியாவுக்குப் பதினொரு வயது. பாட்டைக் கேட்டு, பிளேயரில் சுழலும் எண்ணை நோட்டில் எழுதுவது அவள் வேலை. பாவம், இரண்டு வாரம் காது வலிக்கக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் பெர்னார்ட் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டி முடித்தான். பதிவதற்குத்தான் காலிக் கேசட் இல்லை.

“இந்தா, இதுல பேரே இல்ல. இதுல பதிஞ்சிடலாம்” என்று கடைசிக் கேசட்டை எடுத்தான்.

“இருங்கண்ணே! அத நான் இன்னும் கேக்கல.”

“நான் கொஞ்சம் கேட்டுப் பாத்தேன், ஒரே இரைச்சல். ரேடியோவுக்கு முன்னால வச்சுப் பதிஞ்சது. குப்பைலா!”

“பதிஞ்சிட்டா அப்புறம் கேக்க முடியாதுல்ல?”

பெட்ரீசியா விடாப்பிடியாக அதை ஓடவிட்டாள். கரகரவென்று ஒரு பாட்டு. சேவல் கூவியது. யாரோ சிரித்தார்கள். திடீரென்று ஒரு குரல் அதட்டியது: “ச்சு! சும்மா இருங்கலா, பதியுது!”

பெர்னார்ட் அப்படியே நின்றுவிட்டான். அது அப்பாவின் குரல். அப்பா ஆம்புரோஸ் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

அடுப்படியில் இருந்து அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தார். “தாப்பா ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப பதிஞ்சது! வீடு மாறி வாரப்ப தொலஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்” என்றவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பெட்ரீசியா உள்ளே போய்த் தன் பிறந்தநாளுக்குக் கிடைத்த பாட்டுக் கேசட்டை எடுத்து வந்தாள். அதில் வேறெதுவும் பதிய முடியாதபடி மேலே இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றை மூடினால் பதியலாம் என்று மேலே செலோடேப்பை ஒட்டினாள். அவளுக்கு மிகவும் பிடித்த கேசட் அது. மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

“இதுல பதிங்கண்ணே.”

பெர்னார்ட் அவள் தலையைத் தடவினான். “சரி, அந்தக் கடைசிப் பாட்டுக்கு என்னா பேரு போடுறது?”

பெட்ரீசியா தானே தட்டினாள். அதன் பிறகுதான் பட்டியல் பதிவானது.

மறுநாள் அம்மா வேலை முடிந்து வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஏ பெட்ரீசியா, அப்பா எங்க இருக்காருன்னு கேளு.”

பெட்ரீசியா பட்டியல் பதிந்த கேசட்டை முதலில் ஓடவிட்டு, பிறகு தட்டினாள். ‘கேசட் 43, எண் 117’ என்று உடனே பதில் வந்தது.