சாம்பலில் ஒரு கட்டைவிரல்

எது முதலில் நடந்தது, விளக்கு மங்கியதா தட்டல் கேட்டதா என்று இப்போது கேட்டால் அக்காவால் உறுதியாகச் சொல்ல முடியாது. அத்தனை அசதி.

எங்கோ ஓர் எரிமலை வெடித்து, சாம்பல் மேகம் வானத்தை மூடி, விமானங்கள் நின்றுபோனதிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. நண்பகலிலேயே இருட்டு. எத்தனை முறை துடைத்தாலும் மேசையில் நறநறக்கும் தூள், தீக்குச்சியை அணைத்தது போன்ற வாடை. தரையில் படுத்திருந்த பயணிகளின் இருமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக் கூடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருந்தது.

அவள் தங்கை விமானப் பணிப்பெண். கடைசியாகக் கிளம்பிய விமானத்தில் இருந்தாள். அது எங்கே இறங்கியது, இறங்கியதா என்றே இன்னும் தகவல் இல்லை.

“மலை குறட்டை விடுது, நாம முழிச்சிட்டிருக்கோம்” என்றார் சூப்பர்வைசர். “உன் தங்கச்சி ஏதாவது ஓட்டல்ல இழுத்துப் போத்திட்டுத் தூங்குவாம்மா.” பிறகு, தூள் உள்ளே வராதபடி ஏறுபாலத்தின் கடைசிக் கதவு இடுக்கில் டேப் ஒட்டிவிட்டு வரச் சொன்னார்.

விமானத்தோடு ஒட்டிக்கொள்ளும் அந்த நீண்ட கூண்டுப் பாதை இப்போது எதனோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது. அவள் காலடி தகரத்தில் எதிரொலித்து, கொஞ்சம் தாமதித்து இன்னொரு முறை கேட்டது. டேப்பை ஒட்டி முடித்தாள்.

தலைக்கு மேல் விளக்கு மங்க, வெளியிலிருந்து தட்டினார்கள்.

அந்தப் பக்கம் தரை இல்லை. இரண்டு மாடி உயரத்து வெறுமைதான்.

மீண்டும் தட்டல். மெதுவாக. பழகிய கை.

கதவின் சின்னக் கண்ணாடியில் படிந்த சாம்பலை ஒரு கட்டைவிரல் துடைத்தது. பின் நிமிர்ந்து நின்றது. விமானக் கதவைத் திறக்கும் முன் உள்ளே இருப்பவர் கட்டைவிரல் காட்டுவார். வெளியே ஏறுபாலத்தில் நிற்பவர் பதிலுக்குக் காட்டினால்தான் கதவு திறக்கும். அதுதான் வழக்கம். தினமும் செய்து செய்து கைக்கு ஊறிப்போனது.

அவள் யோசிக்கவில்லை. கை தானாக உயர்ந்தது.

டேப் உரியும் சத்தம்.

குளிர்.

“அக்கா.”

தங்கையின் குரல். தங்கையின் சீருடை. இமைகூடச் சாம்பல். வந்துவிட்டாள், அவ்வளவு போதும். அக்கா எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

வானம் தெளிந்தது. பயணிகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சூப்பர்வைசர் விடுப்பு எடுத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார். அந்த விமானம் வேறொரு நாட்டில் பத்திரமாக இறங்கியிருந்தது. அதில் போன எல்லாரும் நலம். தங்கை அங்கிருந்து கிளம்பி, பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தினாள். “அக்கா, நான்தான்” என்று பலமுறை கூப்பிட்டாள்.

உள்ளே, மடியில் கிடந்த அக்காவின் தலைமுடியைச் சாம்பல் கை ஒன்று கோதிக்கொண்டிருந்தது.

“யாரும் இல்லக்கா” என்றது, அதே குரலில். “நீ தூங்கு.”