பட்டினியில் சாகாத செல்கள்

காலை 8.40. செத்திருக்க வேண்டிய புற்றுநோய்ச் செல்கள் தட்டு நிறையக் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன.

விஞ்ஞானி நுண்ணோக்கியை விட்டு நிமிரவே இல்லை. மரப்பட்டையிலிருந்து அவள் பிரித்தெடுத்த மஞ்சள் சத்து, அந்தச் செல்கள் சர்க்கரையை எரிக்க நம்பியிருக்கும் நொதியைப் பூட்டிவிடும். அவை பட்டினியில் சாகும். இத்தனை வருட உழைப்பில் மிஞ்சியது ஒரே குப்பி. அதை யாரோ மாற்றிவிட்டார்கள்.

குளிர்பெட்டிச் சாவி மூன்று பேரிடம்: அவள், செல் வளர்க்கும் தங்கை, கணினியில் கணக்குப் பார்க்கும் கணவர்.

புகாரின் பேரில் வந்த பெண் இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. "நேத்து மருந்து ஊத்துனது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் தங்கை. "அக்காவுக்குக் காய்ச்சல். குப்பிய எடுத்து எப்பவும்போல அரைமணி வெளிய வெச்சுட்டு ஊத்துனேன்."

"உள்ள பாக்கலயா?"

"வெளிச்சம் பட்டா கெட்டுடும். அதான் ஃபாயில் சுத்தியிருக்கோம்."

இன்ஸ்பெக்டர் குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அவள் கை தானாக அதைப் பொத்திக்கொண்டது.

கணவர் சிரித்தார். "தினமும் இதே கூத்துதான். கோழி அடைகாக்கற மாதிரி."

"நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க சார்?"

"நேத்து காலையில. பிரிட்ஜத் தொறந்து, ஃபாயில விலக்கிப் பாத்தேன். சாய்ச்சா தளதளன்னு ஆடிச்சு. அசல் சரக்கு. அதுக்கப்புறம்..." மைத்துனியைப் பார்த்தார்.

"மாமா! என்னையா சொல்றீங்க?"

அக்கா கணவரையே பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அரைமணி எதுக்கும்மா வெளிய வெச்சே?"

"உருகணுமே மேடம். அசல் மருந்து பிரிட்ஜ்ல கல்லாயிடும். அக்கா கைச்சூட்டுலயே உருக்குவா. எனக்கு அவ்வளவு பொறுமை கெடையாது."

இன்ஸ்பெக்டர் குப்பியை வாங்கித் திறந்து முகர்ந்தாள். ஸ்பிரிட் நெடி.

"இது உறையாது சார். அசல் உறையும். நீங்க பாத்தது அசலா இருந்தா ஆடியிருக்காது. கல்லாகும்னு தெரிஞ்ச இவங்க ரெண்டு பேரும் போலிக்கு ஸ்பிரிட்டத் தொட்டிருக்க மாட்டாங்க. மேசையில உருகினதுக்கு அப்புறம் மட்டும் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். பையத் தொறங்க."

பைக்குள் மடிக்கணினிக்கு அடியில் இருந்தது அசல் குப்பி.

"இதக் கொண்டு வந்தா போட்டி லேப்ல என்னத் தலைவராக்கறேன்னாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "இங்க எப்பவும் உன் பேருக்குப் பின்னாடிதான்..."

"தினமும் எதிர்லதான நின்னீங்க," என்றாள் மனைவி. "ஏன் பொத்திக்கறேன்னு ஒரு நாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இன்னிக்கு மாட்டியிருக்கவும் மாட்டீங்க."

குப்பியைத் தங்கையிடம் கொடுத்தாள். அது ஏற்கெனவே உருகியிருந்தது.

"புதுத் தட்டு எடுடி."