அல்லிக்கு வைத்த கண்கள்

செல்வநாதன் பிணத்துக்குப் பயந்த ஆள் இல்லை. காரைக்காலில் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்களைவிடச் சாவுக்குக் கூப்பிட்டவர்கள்தான் அதிகம். உயிரோடு இருக்கிறவரை ஒருத்தருக்கும் போட்டோ ஞாபகம் வராது. மூச்சு நின்றதும் ஆள் மேல் ஆள் அனுப்புவார்கள். அதனால் எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், அடைமழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், குரும்பகரத்திலிருந்து பாலகுரு என்பவன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கடை வாசலில் நின்றபோது, என்ன ஏது என்று விசாரிக்காமலே கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துக் கட்டினான்.

"தங்கச்சிங்க. அல்லின்னு பேரு. மூளைக்காய்ச்சல். நாலே நாள்ல போயிட்டா," என்றான் பாலகுரு.

வயலை ஒட்டிய ஓட்டு வீடு அது. உள்ளே காலை வைத்ததும் நனைந்த வைக்கோல் வாடை வந்தது. அதற்கு மேல் சூடமும் ஊதுவத்தியும். எல்லாவற்றுக்கும் அடியில் செல்வநாதனுக்குப் பழக்கமான இன்னொரு வாடை. அல்லியை நாற்காலியில் உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் துண்டால் கட்டியிருந்தார்கள். கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த அரக்குப் புடவை. தலை நிறையப் பூ. இருபது வயசு இருக்கும், பாவம்.

தாய் காசியம்மா அழுது முடித்திருந்தாள். நேராக வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இவளுக்கு ஒரு படம்கூட கெடையாது. கண்ணு தொறந்தாப்புல வேணும். செஞ்சு குடுப்பீங்களாமே?"

"செஞ்சிடலாம்மா. படத்துல கண்ணு வரைஞ்சு தந்துர்றேன்."

"எடது கண்ணு மூக்கப் பாத்தாப்புல இருக்கும் தம்பி. அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் போட்டோவே வேண்டாம்னுட்டா. மாப்ள வீட்ல கேட்டாங்கன்னு ஒருதடவ ஒங்க கடை வாசல் வரைக்கும் கூட்டியாந்தேன். ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டுத் திரும்பி ஓடிட்டா. நீங்க அத மாத்திராதீங்க. அந்தக் கண்ணு இருந்தாத்தான் அது அல்லி."

அவன் தலையாட்டினான். யாரிடமும் ஆட்டுகிற தலையாட்டல்தான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கேமராவின் பின்கண்ணாடியில் அல்லி தலைகீழாகத் தெரிந்தாள். சுற்றிலும் இருந்த சத்தமெல்லாம் அடங்கி, ஓட்டில் மழை விழுவது மட்டும் கேட்டது. லென்ஸ் வட்டத்தைத் திருப்பி உருவத்தைக் கூர்மையாக்கினான்.

இமைகள் துடித்தன.

துணியை விலக்கிவிட்டு நேரே பார்த்தான். ஒன்றுமில்லை. ஓட்டிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அட, இதற்கா என்று தன்னையே திட்டிக்கொண்டு படத்தை எடுத்துவிட்டு வந்தான்.

செல்வநாதனுக்குத் தன் தொழிலில் ஓர் அலுப்பு உண்டு. கடைக்கு வருகிறவர்கள் அட்டைத் தூணுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரிக்கச் சொன்னால் பல்வலி வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அந்த அலுப்பெல்லாம் அவனுக்கு வீட்டில் மனைவி டெய்சியிடம்தான் தீரும். மத்தி மீன் அலசும்போது கன்னத்தில் ஒட்டிக்கொண்ட செதில், ஈரக் கூந்தலை வெயிலில் உதறுகிற கை, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தூங்கிப்போன மத்தியானம் என்று அவளுக்குத் தெரியாமல் எடுத்த படங்களால் ஒரு மேசை டிராயரே நிறைந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளையில்லை. அந்த வீட்டில் அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

"கொழம்பு வச்சா, துணி தொவைச்சா, எங்க பாத்தாலும் அந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்துருங்க! வேற பொழப்பே இல்லையா ஒங்களுக்கு?" என்று டெய்சி கத்துவாள். கத்தும்போதே சிரித்துவிடுவாள்.

டிராயரில் உள்ளவற்றில் அவனுக்கு உயிரான படம் ஒன்று. கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். முகம் முழுக்க வெயில். சிரிப்பு வாயில் இருப்பதைவிடக் கண்ணில் அதிகம் இருக்கும்.

அல்லியின் படத்தைக் கழுவிக் காயவைத்துக் கண் வரைய உட்கார்ந்தான். இடது கண்ணை மூக்குப் பக்கம் தள்ளி வரைந்து பார்த்தான். பிடிக்கவில்லை. அழித்தான், மறுபடி வரைந்தான். அழகான முகம், அதில் போய் இந்தக் கோணல் எதற்கு? செத்த பிறகாவது நல்ல கண்ணோடு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றிவிட்டது. பெற்றவள் சொன்னது காதில் இருந்தும் கை கேட்கவில்லை.

கிணற்றடிப் படத்தை எடுத்தான். பிளேடால் டெய்சியின் இரண்டு கண்களையும் இமையோடு வெட்டி எடுத்து, அல்லியின் மூடிய கண்களின் மேல் ஒட்டினான். ஓரங்களில் மை தொட்டு மறைத்தான். என்ன பொருத்தம்! பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த கண்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

காபி கொண்டுவந்த டெய்சி படத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தாள்.

"என் கண்ணுல்ல இது?"

"இந்த ஊர்ல இதவிட நல்ல கண்ணுக்கு நான் எங்க போவேன், சொல்லு?"

"மாதாவே! செத்த பொண்ணு மூஞ்சியில என் கண்ணையா வச்சீங்க? ஒங்களுக்கு அறிவே கெடையாதா?" நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளே சமாதானமாகிவிட்டாள்.

படத்தைச் சட்டம் போட்டு எடுத்துப்போய், காசியம்மா வீட்டுக் கூடத்தில், நெல் குதிருக்கு எதிர்ச்சுவரில் அவனே ஆணி அடித்து மாட்டினான். பாலகுரு அதன் கீழே குத்துவிளக்கு ஏற்றி வைத்தான், அவனுக்கு ரொம்பத் திருப்தி. காசியம்மா மட்டும் படத்தின் கீழே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு கண்ணு தம்பி?"

"அழகா இருக்கில்லம்மா?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா எம்பொண்ணு இனிமே எது வழியா பாப்பா?"

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று அவன் விட்டுவிட்டான்.

கார்த்திகையில் ஒரு காலை, மீன் ஆய்ந்துகொண்டிருந்த டெய்சி விரலை வெட்டிக்கொண்டாள். ரத்தத்தைக்கூடக் கவனிக்காமல் எதிரே வெறித்தாள்.

"இங்க ஏதுங்க வெளக்கு?"

"எந்த வெளக்கு?"

"குத்துவெளக்கு எரியுதே... இப்ப இல்ல. போயிருச்சு."

ஏதோ கிறுகிறுப்பு என்றான் செல்வநாதன். அடுத்த வாரம் துணி உலர்த்தும்போது அப்படியே நின்றுவிட்டாள். அதற்கடுத்து ஜெபம் சொல்லும்போது. முதலில் ஒரு நொடி, பிறகு நெடுநேரம். இமைகள் தாமாகவே மூடிக்கொள்ளும், எவ்வளவு முயன்றாலும் திறக்காது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"கண்ண மூடுனா இருட்டாத்தான இருக்கணும்? எனக்கு ஒரு வீடு தெரியுதுங்க," என்றாள் டெய்சி. அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நான் போவாத வீடு. ஒசரத்துலேர்ந்து பாக்குறாப்புல இருக்கு. எதுக்கால குதிரு. அதுல சாஞ்சுக்கிட்டு ஒரு அம்மா முந்தானையக் கடிச்சு அழுவுது. என்னையே பாத்து அழுவுதுங்க."

செல்வநாதனுக்குப் புரிந்துவிட்டது, அது காசியம்மா வீட்டுக் கூடம். குதிருக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்தவன் அவன்தானே.

டெய்சியைப் படுக்க வைத்துவிட்டு வீட்டின் முன்கட்டிலேயே இருந்த கடைக்கு ஓடினான். அவள் கண்ணைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, படத்திலாவது. டிராயரை இழுத்தான்.

செதில் ஒட்டிய முகத்தில் கண்கள் மூடியிருந்தன.

கூந்தல் உதறுகிற படத்திலும் மூடியிருந்தன.

கல்யாணப் படத்தை எடுத்தான். மாலையும் கழுத்துமாக அவன் பக்கத்தில் நிற்கிற மணப்பெண், நாற்காலியில் கட்டி வைத்த அல்லியைப் போலவே கண்மூடி நின்றாள். நெகட்டிவ்களை எடுத்து விளக்கில் பிடித்தான். அவற்றிலும் அப்படியே. இருட்டறையில், அந்தச் சிவப்பு விளக்கின் கீழே, செல்வநாதன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

தை பிறந்தபோது டெய்சிக்கு இந்தப் பக்கத்து உலகம் முழுசாகப் போய்விட்டது. மூடிய இமைகளோடு சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். இருப்பது காரைக்காலில், பார்ப்பதெல்லாம் குரும்பகரத்தில். அந்த அம்மா சாப்பிடுவதைச் சொன்னாள், தூங்குவதைச் சொன்னாள். "ஒங்க மூஞ்சியப் பாத்து எவ்வளவு நாளாச்சுங்க," என்று ஒரு மத்தியானம் அவள் கேட்டபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கண்களை மீட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும், வேறு வழியே இல்லை. அவளைக் கைப்பிடித்து பஸ்ஸில் ஏற்றினான்.

நல்ல வெயில். வயலெல்லாம் அறுவடை. காசியம்மா டெய்சியின் முகத்தைப் பார்த்ததுமே வழி விட்டாள். கூடத்துக்குள் நுழைந்ததும் டெய்சி நின்றாள்.

"ஒங்களத் தெரியுதுங்க! எளைச்சுப் போயிட்டீங்க." சிரிக்கப் பார்த்தாள். "நானும் தெரியுறேன். ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு..."

சிரிப்பு நின்றது.

"என் பின்னால யாருங்க?"

அவள் பின்னால் யாருமில்லை.

"ஒருத்தி நிக்கிறா. செவப்புப் பொடவ. மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறா. ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டிருக்கா."

காசியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கே சொன்னேனே தம்பி," என்றாள், கோபமே இல்லாத குரலில். "கையெடுத்துக் கும்புடுறேன். அவ கண்ண அவளுக்குக் குடுத்துருங்க."

அவனுக்கும் அதுதான் வழி என்று பட்டது. அல்லிக்கு அவள் கண்ணை வரைந்துவிட்டால் டெய்சியின் கண் டெய்சிக்கு வந்துவிடும். கணக்கு நேராகத்தான் இருந்தது. படத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அந்த இரண்டு துண்டுகளையும் நோகாமல் பிரித்தான்.

"என்னங்க... இருட்டிருச்சு," என்றாள் டெய்சி. "அந்த வீடும் போயிருச்சு."

"கொஞ்சம் பொறு டெய்சி. இதோ ஆச்சு."

"சீக்கிரங்க. யாரோ என்னய ஒட்டிக்கிட்டு நிக்கிறாப்புல இருக்கு."

நிதானமாக வரைந்தான். காசியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இடது கண் மெல்ல மூக்குப் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை. கடைசியாக, கருமணியில் வைக்கிற வெள்ளைப் புள்ளி. அதை வைத்தால்தான் கண் பார்க்கும்.

வைத்தான்.

கூடத்தில் ஈர வைக்கோல் வாடை அடித்தது. வெளியே மழையின் சுவடே இல்லை.

டெய்சி கண்ணைத் திறந்தாள்.

"தெரியுதா? டெய்சி, தெரியுதா?" அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. காசியம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் தொண்டை கட்டிய குரலில். "மழ விட்டுருச்சா?"

வலது கண் தாயைப் பார்த்தது. இடது கண் மூக்கைப் பார்த்தபடி நின்றது. பிறகுதான் பக்கத்தில் ஓர் ஆண் இருப்பது தெரிந்ததுபோல் திடுக்கிட்டு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"போட்டோக்காரரே, என்னயப் பாக்காதீங்க."

அதற்குப் பிறகு அவள் காரைக்காலுக்கு வரவில்லை. கெஞ்சினான், இழுத்தான், மாதா கோயில் சாமியாரைக் கூட்டிப்போனான். அவள் காசியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிள்ளையில்லாத ஏக்கத்தில் போட்டோக்காரர் சம்சாரத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசி ஓய்ந்தது. காசியம்மா அவனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் அவளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. எந்தத் தாய் கொடுப்பாள்?

அந்த இரண்டு துண்டுகளையும் செல்வநாதன் கிணற்றடிப் படத்தில், வெட்டிய இடத்திலேயே திரும்ப ஒட்டிவிட்டான். அவனிடம் டெய்சி கண் திறந்திருக்கிற படம் அது ஒன்றுதான். சமையல்கட்டு வாசல் நிலையில், கிணற்றைப் பார்க்கும்படி மாட்டியிருக்கிறான். அங்கே சுவரிலிருந்து பார்த்தவள் இங்கிருந்தும் பார்ப்பாள் என்று தினமும் காலையில் அதன் எதிரே வந்து நிற்பான். கருக்களாச்சேரிக் கடற்கரையில் மீனை வாங்கிவந்து வெயிலில் பிடித்துக் காட்டுவான். "செதில் மின்னுறதப் பாத்தியா டெய்சி?" என்பான். கொடியில் துணி ஆடுவதை, களைந்த அரிசித் தண்ணீரில் சூரியன் ஆடுவதைக் காட்டுவான். அவன் தலை நரைத்தது, எண்பத்து மூன்றாம் வருஷம் பிறந்தது. காட்டுவதை அவன் விடவில்லை.

அந்த வருஷம் சித்திரையில், மழையோ பனியோ இல்லாத ஒரு காலை, மீனைத் தூக்கிக் காட்டியவன் கையை இறக்காமல் படத்தை உற்றுப் பார்த்தான்.

சிரித்த வாய் அப்படியே இருந்தது. கண்கள் சிரிக்கவில்லை.

கிட்டே போனான். இரண்டு துண்டுகளின் கீழும் கன்னம் வரை ஈரம் இறங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது. கடற்காற்று எல்லாவற்றிலும் உப்பை ஏற்றும் ஊர்தான் அது.

ஆனால் படத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது.