கல்லில் ஒரு பிடிவாதம்

“யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

மழையோடு மழையாகப் பட்டறைக்குள் நுழைந்தவளின் முதல் கேள்வியே அதுதான். கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டும் அவன், உளியைக் கீழே வைத்து நிமிர்ந்தான். நனைந்த கூந்தல், குடையில்லாத கை... அந்தக் கண்கள்! அப்பப்பா, உளியே தேவையில்லை, பார்வையாலேயே கல்லைப் பிளந்துவிடுவாள் போல...

அவன் முன்னால் கிடந்தது, இறந்துபோன அவளுடைய தம்பியின் கல். ‘விடமாட்டேன்’ என்ற ஒரே சொல்லைத்தான் அதில் வெட்டும்படி போனில் சொல்லியிருந்தாள். இவனோ வழக்கம்போல் ‘அமைதியில் உறங்குகிறான்’ என்று வெட்டி வைத்திருந்தான்.

“ஏதோ தப்பாச் சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன் மேடம். கல்லறையில போய் யாராவது மிரட்டுவாங்களா?”

“என் தம்பி மிரட்டுவான். கடைசி வரைக்கும் அவ்வளவு வலி... ‘இத்தனை ஜெபம் பண்ணியும் என்னடா கிடைச்சுது?’ன்னு ஊரே கேட்டுச்சு. ‘இயேசுவை நான் விடமாட்டேன்’னான். நானும் விடமாட்டேன்.”

அவனுக்குச் சுருக்கென்றது. “அவர்தான் விட்டுட்டாரே! நீங்க மட்டும் எதுக்குத் தொங்கிக்கிட்டு?”

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் உடையவில்லை.

“தினமும் அவர்கிட்ட சண்டைதான் சார். அழறேன், கத்துறேன்... அவர் கேட்டுக்கிட்டுதான் இருக்கார். நீங்க யார்கிட்ட கத்துறீங்க?”

அவள் பார்வை, மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த கல்லில் நின்றது.

“அது யாரோடது?”

“அம்மாவோடது... மூணு வருஷமா இதுக்குன்னு உளியை எடுத்தாலே கை ஓட மாட்டேங்குது.”

ஊருக்கெல்லாம் எழுதுகிறவன், பெற்றவளுக்கு ஒரு வரி எழுதவில்லை! அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்!

“ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வருவேன். நான் சொன்னது அப்படியே இருக்கணும்.”

“சரி, புதுக் கல்லே அறுத்துடறேன்... தள்ளி நில்லுங்க, மெஷின் போடணும். சத்தம் பயங்கரமா இருக்கும்.”

“நான் பல் டாக்டர். என் மெஷினைக் கேட்டா ஆம்பளைங்களே ஓடுவாங்க.”

அவன் சிரித்தேவிட்டான். அவளும்தான்... தம்பி போனபிறகு முதல்முறையாக.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கல் தயாராக இருந்தது. ‘விடமாட்டேன்’... ஒவ்வொரு எழுத்தும் ஆழமாக, அழுத்தமாக. மூலைக் கல்லும் இப்போது முகம் காட்டி நின்றது. அதில் ‘அம்மா’, மேலே ஒரு சின்னச் சிலுவை.

“நேத்து நானும் சண்டை போட்டேன், அவரோட...” என்றான் மெதுவாக.

“யார் ஜெயிச்சது?”

“இன்னும் முடியலை டாக்டரம்மா. உங்க அளவுக்கு நம்பிக்கை இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க பக்கத்துல நின்னு சண்டை போடணும்... ஆயுசுக்கும். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு.”

வெளியே மழை வலுத்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே, அவள் தம்பியின் கல்லில் கை வைத்தாள்.

“நல்லா யோசிச்சுக்கோங்க சார்... எங்க குடும்பம் எப்படிப்பட்டதுன்னு உங்க கையாலேயே வெட்டியிருக்கீங்க!”